கஞ்சித் தூக்கும் ஒரு நடுநிலை நாடும்

உனக்கு எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். நீ இருந்தபோதே உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. நீ பேசுவாய், நான் தலையாட்டுவேன். இப்போது நீ படிக்கவே முடியாத இடத்துக்குப் போன பிறகு பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று மாலை பினாங்கு டத்தோ கிராமாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கஞ்சி வாசம் வந்தது. வெந்தயம், இஞ்சி, தேங்காய்ப் பால், ஆட்டிறைச்சி. நோன்பு தொடங்கிவிட்டதை அப்போதுதான் உணர்ந்தேன். உங்கள் சாப்பாட்டுக் கடை வாசலில் பெரிய அண்டா. பக்கத்தில் உன் தங்கை கரண்டியோடு நின்றாள். கல்லாவில் உன் வாப்பா. நீ உட்காரும் ஸ்டூலில் யாரும் இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் நாம் முதல் உலகப் போரைப் படித்தது அந்தக் கடையின் கடைசி மேசையில்தான். ஆசிரியர் ஐந்து காரணங்களைப் பலகையில் எழுதிப் போட்டார், நான் மனப்பாடம் செய்தேன். நீ மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாய். "ஒரு இளவரசன சுட்டாங்க, சரி. அதுக்கு ஏன்டி நம்ம பினாங்கு வாசல் வரைக்கும் கப்பல் வரணும்?" பட்டர்வொர்த் பெரிப் படகில் போகும்போதெல்லாம் தண்ணீரைக் காட்டுவாய். போலிப் புகைக்கூண்டு வைத்துக்கொண்டு விடியற்காலையில் ஒரு ஜெர்மன் கப்பல் உள்ளே வந்ததையும், இங்கே நின்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்ததையும் நேரில் பார்த்தவள் போலச் சொல்வாய். முடிவில், "குண்டு சின்னதுலா. கூட்டணிதான் பெருசு" என்பாய்.

அப்படியொரு கூட்டணிச் சண்டை எங்கள் வீட்டிலேயே நடக்கும் என்று நாம் நினைக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்த அன்று எங்கள் சுங்கை பினாங் பிளாட்டில் அம்மா பாயசம் வைத்தார். சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "படிச்சது போதும், என் பேக்டரியில சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அப்பா தம்பி பக்கம் சாய்ந்தார். அம்மாவுக்காகப் பெரியம்மா பட்டர்வொர்த்திலிருந்து வந்து இறங்கினார். பழைய கல்யாணக் கோபங்கள், யாரோ யாரையோ தீபாவளிக்கு அழைக்காதது எல்லாம் வெளியே வந்தன. என் படிப்பைப் பற்றிய சண்டையில் என் படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். நான் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் சொன்னபோது நீ தள்ளியே நின்றாய். "அது உங்க வீட்டு விஷயம். நான் உள்ள வந்தா வேற மாதிரி ஆக்கிடுவாங்க. நான் அமெரிக்கா, நடுநிலை. போர்ல முதல்ல அது நின்ன மாதிரி பேசாம இருக்கேன்" என்றாய். அதில் எனக்கு வருத்தமில்லை. நீ சொன்னது நியாயம்தான்.

அப்புறம் நோன்பு வந்தது. வருஷா வருஷம்போல உன் உம்மா உன்னிடம் தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டிலிருந்து அந்தத் தூக்கு ஒருநாளும் வெறுமையாகத் திரும்பாது. அம்மா ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார். அன்று கதவைத் திறந்தது சித்தப்பா. "இங்க வந்து பொண்ணு மனச கலைக்காதே. இதையும் எடுத்துட்டுப் போ" என்று மூடியைக்கூடத் திறக்காமல் உன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். தூக்கு நிறையக் கஞ்சியோடு நீ மாடிப்படி இறங்கினாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மறுநாள் மாலை அதே தூக்கோடு வந்தாய். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, அப்பாவுக்கு முன்னால் மேசையில் அதை வைத்தாய்.

"அங்கிள், நேத்து வரைக்கும் இது உங்க வீட்டு விஷயம். நான் ஒரு வார்த்த பேசல. நேத்து எங்க உம்மாவோட கஞ்சி அப்படியே திரும்பி வந்துருச்சு. இனிமே எனக்கும் விஷயம் இருக்கு."

சித்தப்பா சிரித்தார். "யாரும்மா நீ, லாயரா?"

"இல்ல அங்கிள். கஞ்சி கொண்டு வந்தவ."

பெரியம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரிக்கவில்லை. உன் முழங்கால் நடுங்கியதை நான் மட்டும் பார்த்தேன். "அவள பேக்டரிக்கு அனுப்புறதுன்னா அனுப்புங்க, அங்கிள். ஆனா எல்லார்கிட்டயும் கேட்டீங்க, அவகிட்ட கேட்டீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். அத்தனை நாளில் அதுதான் முதல் முறை. "படிக்கணும்பா" என்றேன். அப்பா தூக்கின் மூடியைத் திறந்தார். பிறகு அம்மாவிடம் கிண்ணம் கேட்டு, கஞ்சியை ஊற்றிக் குடித்தார். எங்கள் வீட்டில் அதுதான் போர் நிறுத்தம்.

பிறகொரு நாள் பெரிப் படகில், எனக்காகவா வந்தாய் என்று கேட்டேன். "பாதி உனக்காக. பாதி உம்மா கஞ்சிக்காக. அமெரிக்கா மட்டும் சும்மாவா போருக்குள்ள போச்சு? ஜெர்மன்காரங்க அதோட கப்பல மூழ்கடிச்சாங்க, பக்கத்து நாட்ட அதுக்கு எதிரா தூண்டிவிடப் பாத்தாங்க, அப்புறம்தான் நியாயம் பேசிச்சு" என்றாய். வேறு யாராக இருந்தாலும் முழுக்க எனக்காகத்தான் என்று சொல்லியிருப்பார்கள். நீ பாதியைப் பாதி என்றே சொன்னாய். பட்டம் வாங்கிய பிறகும், எத்தனையோ விளக்கங்களைப் படித்த பிறகும், நடுநிலை நாடு ஏன் போருக்குள் வந்தது என்று டியூஷன் பிள்ளைகள் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது உன் முழங்கால்தான்.

டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது அந்தத் தூக்கு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. போன நோன்பில் நீ கொண்டு வந்தது. "அப்புறம் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதில் நான் எதையும் போட்டு வைப்பதில்லை. அடிக்கடி துடைப்பேன், அவ்வளவுதான்.

இன்று உன் தங்கை கஞ்சி ஊற்றிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள். "அக்கா, எனக்கு ஜொகூர்ல இடம் கெடச்சிருக்கு. வாப்பா வேணாங்குறாங்க." உன் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஒரு மகளை மண்ணில் வைத்தவர், இன்னொரு மகளைக் கண்ணுக்கு எட்டாத ஊருக்கு அனுப்பப் பயப்படுகிறார். அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நானும், உங்க வீட்டு விஷயம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கஞ்சியை வாங்கி வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது கஞ்சிப் பொட்டலம் மடியில் சுட்டுக்கொண்டே இருந்தது.

என் கப்பலை யாரும் மூழ்கடிக்கவில்லை. உனக்கு இருந்த பாதிக் காரணம்கூட எனக்கு இல்லை. உள்ளே போவதற்கு என் கையில் இருப்பது உன் தூக்கு ஒன்றுதான். உன் கை பட்டதில் என்னிடம் மிஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான். நாளை மாலை அதை உன் வாப்பாவுக்கு முன்னால் கல்லாவில் வைத்து, உன் தங்கையிடம் அவள் விருப்பத்தை ஒரு முறை கேட்கச் சொல்ல வேண்டும். என் குரல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

இவ்வளவு எழுதியது இதைக் கேட்கத்தான். அந்தத் தூக்கைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா? அம்மா சர்க்கரை போட்டு வைத்துவிட்டார்.