நீண்ட நாள் வராதவள்

என் வயிற்றில் பிறந்த சந்தியாவுக்கு, அம்மா எழுதுகிறேன்.

நான் அஞ்சாவதோடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். எழுத்தில் பிழை கண்டால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இதை மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும். நீ படிப்பை நிறுத்தியவள் என்று பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது பொய் என்று நாலு பேருக்காவது தெரிய வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி சொல்கிறேன். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. போன பட்டத்து மல்லாட்டையில் கடலை சரியாகப் பிடிக்கவில்லை. உங்க அப்பா பாண்டிக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போய் வருகிறார். வீட்டுக்கு வந்தால் பேச்சே கிடையாது. டிவியைப் போட்டு, சத்தத்தைக் குறைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

உன்னோடு படித்த பெண்கள் ஒன்பதாவது முடிக்கப் போகிறார்கள். காலையில் திண்டிவனம் பஸ்ஸுக்கு நம் வாசல் வழியாகத்தான் போகிறார்கள். தெருமுனையில் கேட்கிற சிரிப்பு நம் வாசல் வந்ததும் நின்றுவிடுகிறது. பேசிக்கொண்டே போங்கடி என்று சொல்ல நினைப்பேன். வாய் வராது.

போன வாரம் நான் களை வெட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் உன் சிநேகிதிகள் இப்போது படிக்கிற பெரிய பள்ளிக்கூடத்து டீச்சர். இன்னொருவர் விழுப்புரம் கல்வி ஆபீசிலிருந்து வந்த மேடம், கழுத்தில் அட்டை தொங்கியது.

"சந்தியா வீடு இதுதானே?" என்று மேடம் கேட்டார்.

கண்ணு, ஒரு வெளியாள் நம் வாசலில் நின்று உன் பேரைச் சொல்லி எத்தனை நாளாயிற்று! இங்கே எல்லாரும் என் எதிரில் உன் பேரை எடுக்கவே பயப்படுகிறார்கள். "ஆமா, இதாங்க. வாங்க, குந்துங்க" என்று பாயை எடுத்துப் போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம்புவாயா?

"பொண்ணு எங்கம்மா?"

நான் குனிந்து பாயின் ஓரத்தை நீவிவிட்டேன்.

"எட்டாவது பாஸ் பண்ணியிருக்கா. ஒம்பதாவது எங்கயுமே சேரலியே. வேலைக்கு அனுப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். மேடம் டீச்சரைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"கல்யாணம் பண்ணிக் குடுத்துட்டீங்களா? மறைக்காதீங்கம்மா. எந்த ஊர்ல குடுத்திருக்கீங்க? திண்டிவனமா?"

சொல்கிறேன், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் திண்டிவனமா என்று கேட்டதும் என் மனசு அங்கே ஓடிவிட்டது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு. வாசலிலேயே தண்ணீர்க் குழாய். நீ புடவை கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு குடத்தில் தண்ணீர் பிடிக்கிறாய். உன் மாமியார் ஏதோ குத்திப் பேசுகிறாள், நீயும் விடாமல் பதிலுக்குப் பதில் கொடுக்கிறாய். அந்த வயசுப் பெண்ணை அப்படித் தள்ளிவிடுவது பாவம் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பாவத்தையாவது நான் செய்திருக்கக் கூடாதா என்று இருந்தது. செய்திருந்தால் ஒரு பஸ் ஏறி வந்து உன்னைப் பார்த்துவிடலாமே.

"நீங்க இப்பிடி வாயே தெறக்கலன்னா போலீஸைத்தான் கூப்புடணும்" என்றார் மேடம்.

அப்போதுதான் எதிர் வீட்டுப் பச்சையம்மா பெரியம்மா கையில் முறத்தோடு ஓடி வந்தார்.

"இன்னாம்மா பேசிக்கினு இருக்கறீங்க? அந்தப் புள்ள காய்ச்சல்ல செத்துப் போயி வருசம் ஆவப்போவுது. கல்யாணமாம் கல்யாணம்! எவனோ எழுதின லிஸ்ட்ட எடுத்துக்கினு வந்துட்டாங்க, பெத்தவகிட்ட கேக்கறதுக்கு."

டீச்சர் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். நானோ பெரியம்மா மேல் பாய்ந்தேன்.

"ஒன்ன யாரு கேட்டதுக்கா? என் பொண்ணப் பத்தி நீ எதுக்குச் சொல்ற?"

"அடியே, ஒன்ன போலீசுல புடிச்சிக் குடுக்கறேன்றாங்க. வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்க?"

"புடிச்சிக்கினு போவட்டும்! ஒனக்கு இன்னா?"

பெரியம்மா முறத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். அவர் நெஞ்சில் நான் குத்தினேன். அவர் விடவில்லை. அந்த மேடம் பாவம், நின்ற இடத்திலேயே நின்று, "தெரியாமக் கேட்டுட்டேம்மா, தெரியாமக் கேட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்தத் தப்பு எப்படி வந்தது என்று டீச்சர் பிறகு விளக்கினார். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிகிறது. பாஸான பிள்ளைகள் பேரையெல்லாம் அங்கிருந்து எடுத்துப் பொதுவாக ஓர் இடத்தில் வைப்பார்களாம். அடுத்த பள்ளிக்கூடம் அதிலிருந்து தன் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுமாம். நீ எட்டாவது முடித்த பெரிய லீவில் போய்விட்டாய். இங்கே இருப்பவர்கள் உன் பேரை அனுப்பியதோடு தங்கள் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். அங்கே இருப்பவர்களுக்கு உன்னைத் தெரியவே தெரியாது. லீவில் போனவளுக்கு யார் ஆப்சென்ட் போடுவார்கள்? விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் நீ கண்ணை மூடியபோது எந்த வகுப்பிலும் உன் பேரைக் கூப்பிடவில்லை. அதனால் நீ வராததும் யாருக்கும் தெரியவில்லை.

டீச்சர் போனைக் காட்டினார். பள்ளிக்கூடம் வராத பிள்ளைகளுக்கு என்னென்ன காரணம் போடலாம் என்று அதில் இருந்தது. வேலைக்குப் போய்விட்டார், வேறு ஊருக்குப் போய்விட்டார், கல்யாணம், படிக்க விருப்பம் இல்லை, நீண்ட நாள் வரவில்லை. கடைசியில், இறப்பு. உன் பேருக்கு நேரே நீண்ட நாள் வரவில்லை என்று இருந்தது.

"அது அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும் டீச்சர்" என்றேன்.

"இருந்தா திரும்பத் திரும்ப யாராவது தேடி வருவாங்கக்கா."

"வரட்டுமே. வந்து அவ பேரச் சொல்லிக் கேக்கட்டும்."

டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் ஒண்ணு மட்டும் ஸ்கூல்ல குடுத்துடுங்கக்கா. ஒங்களால எப்ப முடியுதோ அப்ப" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் போன பிறகு ஒன்று நினைத்தேன். அஞ்சாவது முடித்து நான் நின்றபோது என்னைத் தேடி ஒருத்தரும் வரவில்லை. களத்துமேட்டில்தான் இருந்தேன், கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன். இப்போது வீடு வீடாக ஸ்கூட்டரில் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் வர முடியாதவளைத் தேடியல்லவா நம் வாசலுக்கு வந்தார்கள்?

"அந்த ஜெராக்ஸக் குடுத்துட்டு வா அஞ்சல" என்றார் உங்க அப்பா, ராத்திரி நான் எல்லாம் சொன்னதும்.

"நீதான் போய்க் குடேன்."

"என்னால ஆவாது."

அவ்வளவுதான்.

எனக்கு ஏன் மனசு வரவில்லை தெரியுமா? நீண்ட நாள் வரவில்லை என்றால், நாளைக்கு வந்தாலும் வரலாம் என்று அர்த்தம். அதில் ஒரு கதவு திறந்து கிடக்கிறது. கடைசிக் காரணத்துக்கு உண்டான காகிதத்தை நான் என் கையால் கொடுத்தால் அது மூடிவிடும்.

ஆனால் நீயா வராதவள்? ஏழாவதில் மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காமல் உன்னை ஒரு நாள் நிறுத்திக்கொண்டேன். அதற்கே மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு பிடுங்கினாய். ராத்திரி லீவ் லெட்டர் எழுதி எனக்குப் படித்துக் காட்டினாய். அதில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று இருந்தது.

"எனக்கு எதுக்குடி காய்ச்சல்?"

"எனக்குன்னு எழுதினா டீச்சர் நெத்தியத் தொட்டுப் பாப்பாங்க. நீ இன்னா, ஸ்கூலுக்கா வரப் போற?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்குப் போட்ட காய்ச்சல் எனக்கே வந்திருக்கக் கூடாதா, சந்தியா?

நாலைந்து நாளாக அந்தக் காரணங்களையே மனசில் ஓட்டிப் பார்த்தேன். வேலைக்குப் போனாள் என்றால் பழி உங்க அப்பா மேல். கல்யாணம் என்றால் என் மேல். விருப்பம் இல்லை என்றால் உன் மேல். நீண்ட நாள் வரவில்லை என்றாலும் உன் மேல்தான், நீ என்னவோ சோம்பிப்போய் வீட்டில் கிடந்தவள் மாதிரி. ஒன்பதாவதுக்கு இரட்டைப் பின்னலுக்கு ரிப்பன்கூட வாங்கி வைத்திருந்தவள் நீ. அத்தனை காரணத்திலும் கடைசியாக இருக்கிற ஒன்றுதான் உன்னைக் குறை சொல்லவில்லை. அதற்குத்தான் நான் பயந்து கிடந்தேன். என் ஆசைக்காக உன் பேரைக் கெடுத்து வைப்பது நியாயமா?

அதனால் திங்கட்கிழமை போகிறேன். அன்றைக்குப் பிறகு உன்னைத் தேடி யாரும் வர மாட்டார்கள். வாசலில் நின்று சந்தியா வீடு இதுதானே என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதை எப்படித் தாங்குவேன் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

நீ ஏறியிருக்க வேண்டிய பஸ்ஸிலேயே உன் சிநேகிதிகளோடு போவேன். வழியில் பேசிக்கொண்டே வாருங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்வேன். அந்தப் பள்ளிக்கூடத்தை நான் இதுவரை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஒன்பதாவது வகுப்பு எங்கே என்று விசாரித்து, வெளியில் நின்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவேன். அங்கே காகிதத்தை மட்டும் நீட்டிவிட்டு வர மாட்டேன். என் பொண்ணு படிப்பை நிறுத்தவில்லை, இறந்துவிட்டாள் என்று என் வாயாலேயே சொல்வேன். அழாமல் சொல்வேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய முடியாது. சொல்வேன் என்பது சத்தியம்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா அஞ்சலை