உச்சி வெயில் நீர்

மே 22
இன்றும் சஹர் சாப்பாடு முடிந்த கையோடு, விடியுமுன் தோணியில் போய்க் காயல் நீர் எடுத்தேன். உச்சி வெயிலில் எடுப்பதுதான் ஆய்வுக்கூடத்து முறை. நோன்போடு அந்த வெயிலில் துடுப்புப் போட என்னால் ஆகாது. நுண்ணோக்கியில் பார்த்தால் நல்ல பாசிதான். விஷப்பாசி மூன்றோ நான்கோ. கயிற்றில் கல்லுமக்காய்ச் சிப்பி வளர்க்கும் பெண்களுக்கு, தின்னலாம், பயமில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

மே 24
நாத்தனார் ருக்கியா இத்தா கேட்டார். "ஏண்டி ஷெமீனா, கயித்தை எடுத்துடலாமா? மழை வந்து தண்ணியில உப்பு செத்துச்சுன்னா அத்தனை கல்லுமக்காயும் வாயைப் பொளந்துடும்."
"எடுங்க இத்தா."
பதினோரு பெண்களின் ஆறு மாத உழைப்பு. எடுங்கள் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மழையே இல்லாமல் நீர் ஏன் செம்மண் கரைத்ததுபோல இருக்கிறது?

மே 25
அந்த விஷப்பாசி பகலில் மேலே வரும், இருட்டில் அடியில் இறங்கும். இது எனக்குத் தெரியாதா? படித்தவள்தானே நான்?

மே 26
உச்சியில் போனேன். ஒரே சொட்டு நீர்—முழுக்க விஷப்பாசிதான், எண்ணவே முடியவில்லை.
மறுபடி மறுபடி பார்த்து உறுதிசெய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது; இத்தா வீட்டுக்கு ஓடினேன். காலையில் எடுத்த முதல் கயிற்றுக் கல்லுமக்காய், அரிசிமாவு அடைத்துப் பானை நிறைய வெந்திருந்தது. பிள்ளைகள் தட்டோடு மஃரிப் பாங்குக்குக் காத்திருந்தார்கள். பானையைத் தூக்கிக் குப்பைக்குழியில் கவிழ்த்தேன்.
"நோன்பு திறக்கிற சோத்தைக் கொட்டுறியே, பைத்தியமா உனக்கு?"
"விஷம் இத்தா. விஷப்பாசியைத் தின்ன கல்லுமக்காய். நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்."
"அன்னைக்கு நல்லதுன்னே, இன்னைக்கு விஷங்கிறே. உன் வாயில எது நெசம்?"
குழியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து, சோதனைக்காகக் கொச்சிக்கு அனுப்பக் கட்டினேன்.

மே 29
மழை.

ஜூன் 2
எடுக்காமல் விட்ட கயிறுகளில் கல்லுமக்காய்கள் வாய் பிளந்து தொங்குகின்றன. நாற்றம் வீடுவரை வருகிறது. கொச்சிக்கு அனுப்பிய சதைக்கு இன்னும் முடிவு வரவில்லை. விஷமே இல்லை என்று வந்தால்? அல்லாஹ்வே, நான் எந்த முகத்தோடு நடப்பேன்?

ஜூன் 7
விஷம் இருந்தது. ஒரு பிள்ளையைச் சாய்க்க அது போதுமாம். முடிவுத் தாளின் பின்னால், நோன்பு வெயிலில் துடுப்புப் போட முடியாமல் விடியுமுன் நீர் எடுத்ததை எழுதி, இத்தா வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன். நிம்மதியில்லை. நான் முதல் நாளே உச்சியில் எடுத்திருந்தால் அந்தப் பானை அடுப்பேறியே இருக்காது.

ஜூன் 15
பெருநாள். இத்தா வீட்டிலிருந்து பிரியாணி வரவில்லை.

டிசம்பர் 3
புதுக் கயிறுகள் இறக்கிவிட்டார்கள். நீர் எடுக்கத் தோணி கட்டும் கடவுக்குப் போனால், தோணியில் இத்தா துடுப்போடு உட்கார்ந்திருக்கிறார். ஆறு மாதமாக என் முகம் பார்க்காதவர்.
"ஏறுடி. உச்சியாக இன்னும் கால்மணி இருக்கு."
ஏறினேன். துடுப்புக்குக் கை நீட்டினேன், தரவில்லை.
"நீ தண்ணி எடு. அடுத்த நோன்புக்கும் துடுப்பு நான்தான் போடுவேன்."