ஓரத்தை ஒட்டி எழுதவும்

மார்ச் 3, செவ்வாய்

கூடத்துச் சுவரில் மகள் மாட்டிவிட்டுப் போன டேப்லெட்டில்தான் வீட்டின் விளக்கு, விசிறி, குழாய் எல்லாவற்றுக்கும் பொத்தான். எந்தப் பொத்தான் எதை இயக்கவேண்டும் என்பது மொத்தமும் ஒரே கணினிக் கோப்பில், 1,140 வரி. முப்பது பிள்ளைகள் ஒரே நோட்டில் பரீட்சை எழுதினால் எப்படி இருக்கும், அப்படி. இன்று தோட்டத்துக் குழாய் என்று அழுத்தினேன். குளியலறை விளக்கு அணைந்தது.

மனைவி ஈரத் தலையோடு வந்து நின்றாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழுங்கு பண்ணுங்க. இல்லன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இதைக் கழட்டிட்டு, பழையபடி சுவிட்ச் போட்டுடுவேன்."

சொன்னால் செய்வாள். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு மிஞ்சிய ஒரே வகுப்பு இது.

மார்ச் 4, புதன்

அந்த ஒரே கோப்பை விளக்குகள், விசிறிகள், கதவுகள் என்று இனவாரியாகப் பிரித்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவள்.

"கவரோட கலரைப் பார்த்தா பிரிப்பாங்க? எந்த வீட்டுக்குப் போகுதோ அந்தக் கட்டுல போடணும்."

எதிர்க்கட்சி சொன்னாலும் சரியான விடை சரியான விடைதான். அறைக்கு ஒரு கோப்பு. மொத்தம் ஏழு.

மார்ச் 5, வியாழன்

ஏழும் ஆயிற்று. ஆனால் பார்க்க அலங்கோலம். ஒரு வரி ஓரத்தில், அடுத்தது உள்ளே தள்ளி, அதற்கடுத்தது இன்னும் உள்ளே. 'ஓரத்தை ஒட்டி எழுது' என்று முப்பத்து நான்கு வருடம் தொண்டை வற்றக் கத்தியவன் நான். எல்லா வரியையும் ஓரத்துக்கு இழுத்தேன். மூன்று மணி நேரம். காலைப் பிரார்த்தனை வரிசை மாதிரி அழகு.

மார்ச் 6, வெள்ளி

டேப்லெட் வெற்றுத்தாள். எரிகிற விளக்கு எதையும் அணைக்க முடியவில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம். "அப்பா, உள்ள தள்ளியிருந்தாதான் அது மேல இருக்கற வரியோட பிள்ளை. நீங்க எல்லாரையும் தனிக்குடித்தனம் வச்சிட்டீங்க. சரி, பழசுக்கு ஒரு நகல் இருக்கா?"

இல்லை. ரஃப் நோட்டின் அருமையைப் பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் எங்கே போச்சு?

மார்ச் 7, சனி

வரிவரியாகத் திரும்ப உள்ளே தள்ளுகிறேன். விளக்குக்கு இரண்டு இடம் விட்டு, அதன் பெயருக்கு நான்கு விட்டு. நான்கு அறை முடிந்தது.

மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளோடு ஒரு மணி நேரம் பேசினாள். என்னைப் பற்றிய புகார்தான், வேறென்ன. வெளியே வந்து, "எலக்ட்ரீஷியன் நாளைக்குப் பத்து மணிக்கு வர்றார்" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஒன்பது ஐம்பதுக்கு டேப்லெட்டுக்கு உயிர் வந்தது. ஏழு அறைக்கு ஏழு பக்கம்... எண்ணினால் எட்டு. எட்டாவது என் கை வேலை அல்ல. பெயர், 'அவர்'. ஒரே பொத்தான்: 'சாப்பிட வாங்க'. அழுத்தினால் என் மேசை விளக்கு மூன்று முறை சிமிட்டுகிறது.

வாசலில் மனைவியின் குரல்: "வேலை ஒண்ணும் இல்லீங்க. வந்தது வந்தீங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

நேற்று மகளிடம் கேட்டு மனைவி எழுதியிருந்த அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு வரி மட்டும் ஓர் இடம் கூடுதலாகத் தள்ளியிருந்தது. ஆனால் வேலை செய்கிறது. திருத்தவில்லை.

மார்ச் 9, திங்கள்

இதை எழுதும்போதே விளக்கு மூன்று முறை சிமிட்டிவிட்டது. இதோ மறுபடியும் மூன்று. 'வரேன், வரேன்' என்று சொல்ல எனக்கொரு பொத்தான் வேண்டும்.