பஸீலா கூண்டில் சொன்னது

பாலக்கரை, திருச்சி

என் கணவர் ஜமீல் அவர்களுக்கு சுராயா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் மகள் இன்ஷாவும் நலம். உங்கள் நலத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். போனில் இந்தக் கேஸ் பேச்சை எடுத்தாலே லைனைத் துண்டித்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு சேக் மைதீன் லீவு முடிந்து சவுதிக்கு, நீங்கள் இருக்கும் தம்மாமுக்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது.

தீர்ப்பு வந்துவிட்டது. நம் வார்டில் பஸீலா ஜெயித்தது செல்லாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். அவளும் உங்கள் தம்பி நஸ்ருல்லாவும் ஆறு வருஷத்துக்குத் தேர்தலில் நிற்க முடியாது. கோர்ட்டிலிருந்து திரும்பும்போது காந்தி மார்க்கெட்டில் இறங்கி ஆட்டுக்கறி வாங்கினேன். பெருநாள் போல் பிரியாணி போட்டு, தம்பி வீட்டுக்கும் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொடுத்தனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையும் சேர்த்துச் சாப்பிட்டோம்.

தம்பிமேல் ஏன் இவ்வளவு வன்மம் என்று கேட்டீர்கள். நடந்ததை முழுசாக யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெண்கள் வார்டு என்று அறிவித்ததும் சாக்கடைப் பிரச்சினைக்காக அலைந்த நான் சுயேச்சையாக நின்றேன். அதைக் கேட்டதும் தம்பி தன் மனைவி பஸீலாவை எனக்கு எதிராக நிறுத்தினார். பிரச்சாரம் முடியும் நாள் சாயங்காலம் ரயில்வே பாலத்துக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்து, “புருஷனே தலாக் சொல்லி விலக்கி வச்ச பொம்பளைங்க இது. வீட்டையே காப்பாத்தாதவ வார்டைக் காப்பாத்துவாளா?” என்று பேசினார். அந்தப் பேச்சு அன்றைக்கே எல்லார் போனுக்கும் போனது. ஒரு சந்தின் ஓட்டு அளவுகூட இல்லாத வித்தியாசத்தில் நான் தோற்றேன்.

தோற்றதை விடுங்கள். இன்ஷாவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் உங்களுக்கே போன் போட்டு, இது உண்மையா என்று கேட்டார்கள். “குடும்ப விஷயம், போன்ல பேச வேணாம்” என்றீர்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுநாளே அவர்கள் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். இன்ஷா அழவில்லை. “கேஸ் போடுங்கம்மா” என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் வக்கீல் அரவிந்தவல்லி அம்மாவைப் பிடித்தேன். உத்திர வீதியில் அவர் வீடு. எதிரில் நிற்பவரின் சொந்த வாழ்க்கையைப் பற்றித் தெரிந்தே பொய் பரப்புவது தேர்தல் முறைகேடு, ஆனால் அது பொய் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதையும், வேட்பாளர் சம்மதித்தார் என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்று விளக்கினார். நீங்கள் லீவில் வந்திருந்தபோது ஒரே ஒரு நாள் கோர்ட்டுக்கு வரச் சொன்னது அதற்காகத்தான். தம்பிக்கு எதிராக எப்படிச் சாட்சி சொல்வது என்று டிக்கெட்டை மாற்றி முன்னதாகவே கிளம்பிவிட்டீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

எங்கள் பக்கம் சாட்சி பலமில்லை. கேஸ் தோற்றுவிடும் என்றே நினைத்திருந்தேன். அப்போதுதான் பஸீலா கூண்டில் ஏறினாள். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லும்படி அவளைப் பழக்கி அழைத்து வந்திருந்தார்கள். அந்த மேடையில் நீங்களும் இருந்தீர்களா என்று எங்கள் வக்கீலம்மா கேட்டார். இருந்தேன் என்றாள். அவர் பேசியது பொய் என்று அப்போது தெரியுமா என்று கேட்டார். பஸீலா தம்பியின் பக்கம் திரும்பினாள்.

“தெரியும். அந்த வாரம்கூட ஜமீல் மச்சான் அக்காகிட்ட போன்ல பேசினாங்க, நான் பக்கத்துல இருந்தேன். இவரு மேடையில பேசுறதுக்கு முதல் நாளே பொய்னு இவர்கிட்ட சொன்னேன். ஜெயிச்ச பொறவு பாத்துக்கலாம்னாரு. நானும் சரின்னேன்.”

நீதிபதியே நிறுத்தி, இப்படிச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா அம்மா என்று கேட்டார். “தெரியுங்க ஐயா, பதவி போயிடும்” என்றாள். தம்பியின் முகம் அப்போது இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் நான் அலைந்ததற்கு அந்த ஒரு பார்வை போதும்.

வெளியே வராந்தாவில் அவள் பக்கத்தில் போனேன். “உங்களுக்காகச் சொல்லலக்கா. கவுன்சிலர்னு பேரு எனக்கு, வார்டு ஆபீஸ்ல நாற்காலி அவருக்கு. ஜனங்க மனு கொண்டு வந்தா என்னை டீ போடச் சொல்வாரு. அவரு உக்கார நாற்காலியே இல்லாம போகட்டும்னுதான் சொன்னேன்” என்றாள். இப்போது துவாக்குடியில் தன் தாய் வீட்டில் இருக்கிறாள். நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பொய்க்குச் ‘சரி’ என்று சொன்ன வாய் அவளுடையதுதான். ஆனால் அதற்கான விலையை அவளே கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் இன்னும் கொடுக்கவில்லை.

இனி உங்கள் விஷயம். தம்பி அப்பீல் போகிறார். நீங்கள் அப்போதே தலாக் சொல்லிவிட்டதாக உங்களிடம் எழுதி வாங்கி, அதை அங்கே காட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் மறுத்ததாக இதுவரை ஒரு தகவலும் இல்லை. தேர்தலில் நிற்க நான் வேட்புமனு தாக்கல் செய்த அன்று, “நின்னா எனக்கும் உனக்கும் ஒன்னுமில்ல” என்று கோபத்தில் கத்தினீர்கள். அடுத்த நாளே நீங்களாகப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு இரண்டு தடவை லீவில் வந்து இந்த வீட்டில்தான் என்னோடு இருந்தீர்கள். அது தலாக் என்றால் அதற்குப் பிறகு என்னோடு குடித்தனம் நடத்தியது என்ன என்று ஜமாத்தில் கேட்பார்கள். நானே எழுந்து நின்று கேட்பேன்.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். நான் கெஞ்சப் போவதில்லை. எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, கோர்ட் கூப்பிட்டால் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டியிருக்கும் என்று அரவிந்தவல்லி அம்மா சொன்னார். இன்ஷா இப்போது கே.கே. நகரில் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறாள். வாப்பா வந்தால் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் உட்காருவேன் என்கிறாள்.

சர்க்கரை மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். வெயிலில் அலையாதீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நல்ல உடம்பையும் தெளிந்த ஞாபகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். ஒருவேளை கையெழுத்துப் போட்டுவிட்டால், நீங்கள் அந்தக் கூண்டில் ஏறி, என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டுமே.

இந்த நிமிஷம்வரை உங்கள் மனைவி,
சுராயா