அம்மா மாமாகிட்ட நேரா பேசிடுச்சி

என் தங்க அக்காவுக்கு,

ஒனக்கு ஒரு நியூஸ் கீது. ஒன் வருஷ தெவசம் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கெழம நாங்க வாட்டர் பார்க் போனோம். நானு, அம்மா, ஒன் வூட்டுக்காரரு, ஒம் பொண்ணு யாழினி. அப்பாவுக்கு ஷிப்ட் மாத்திக்க ஆளு கெடைக்கல. வாலாஜாபாத் பஸ்ல போறப்ப நாம எட்டி எட்டி பாப்போமே, நீலக் கலர் சறுக்கு, அதே பார்க்குதான்.

நான் எவ்ளோ வருஷமா போன்ல சறுக்கு வீடியோவா பாத்துகினு கெடந்தேன்னு ஒனக்குத் தெரியும். எந்த ஊரு சறுக்குல எத்தினி வளைவுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். எடிட்டிங் நானா கத்துகினதே அந்த வீடியோங்கள வெட்டி ஒட்டித்தான். நேர்ல இதான் மொத தபா. சின்ன பார்க்குதான்கா. மூணு சறுக்கு, ஒரு அலை குளம், அவ்ளோதான். எனக்குக் காலு தரையில நிக்கல.

ஆனா வூட்ல யாரும் சந்தோஷமா கெளம்பல. அத மொதல்ல சொல்லிடறேன்.

டெங்குல நீ போனதுலேந்து யாழினி எங்ககிட்டதான் கீறா. மாமா ஒரகடத்துல கம்பெனி பசங்களோட ரூம்ல. ஞாயித்துக்கெழம வருவாரு, புள்ளைய மடியில வெச்சிகினு வாசப்படியிலயே உக்காந்துட்டுப் போயிடுவாரு. கோவில்பட்டியில அவங்கம்மா, "புள்ளைய இங்க கொண்டாந்து விடு, நான் வளக்கேன்"னு சொல்லிட்டாங்களாம். ஜூன்ல அங்கயே ஒண்ணாங்கிளாஸ் சேத்துடறதுன்னு மாமா முடிவு பண்ணிட்டாரு. அவரு இங்க வேலையில, புள்ள அங்க.

அதையும் அம்மாகிட்ட சொல்லல. "ஒங்கம்மாட்ட நீயே சொல்லிரு தேவி"ன்னாரு. அம்மாவும் எங்கிட்டதான் பதில் சொல்லிச்சி. "அவரு புள்ள, அவரு இஷ்டம்னு சொல்லிடு." சொல்லிட்டு பாத்ரூம்ல போய் கொழாயத் தொறந்து வுட்டுகினு அழுதுச்சி. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து தண்ணியில ஆடலாம்னு யாழினி கேட்டா. அதுக்குத்தான் பார்க்கு.

அம்மா மாப்ளகிட்ட நேரா பேசாதுன்னு ஒனக்குத் தெரியாததா? ஒன் கல்யாணத்துலேந்து அப்பிடித்தான். அவரு ஹால்ல இருந்தா இது கிச்சன்ல. "அவர சாப்ட சொல்லு, அவருக்கு மோர் ஊத்து", எல்லாம் ஒன் வழியா. நீ போனப்புறம் என் வழியா.

பார்க்குல நைலான் துணிதான் போடணும்னுட்டாங்க. அம்மா வாடகைக்கு ஒரு பேண்டும் டீசர்ட்டும் வாங்கிப் போட்டுகினு, மேல துண்டப் போத்திகினு, மாமா கண்ணுல படாம அலை குளத்தோட அந்த மூலையில போய் கழுத்து வரைக்கும் முங்கி உக்காந்துச்சி. இந்த மூலையில மாமாவும் யாழினியும். நடுவுல நானு.

"தேவி, கொழந்தைக்கு ஒதடு வெளுத்துப் போச்சி, கொஞ்சம் வெளிய ஏத்த சொல்லு."

"தேவி, புள்ளைக்குக் குளுரலையாம்னு ஒங்கம்மாட்ட சொல்லு."

"பத்தடி தள்ளி கீற. நீயே கத்தி சொல்லும்மா, கேக்கும்"னேன். மொறைச்சிச்சி.

அப்பதான் சைரன் அடிச்சான். அலை வுடறதுக்கு முன்னாடி அடிப்பாங்க, வீடியோவுல நான் கேட்டுக் கேட்டு பழகுன சத்தம். ஆனா ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் கம்பெனிக்குப் போறவங்களுக்கு அந்த சத்தம் ஒண்ணே ஒண்ணுதான். தீப்புடிச்சா வெளிய போற டிரில். அம்மா கம்பெனியில ஹவுஸ்கீப்பிங் மட்டுமா, அவங்க பிளாக்குக்கே பயர் வார்டன் ஆச்சே, டிரில்ல எல்லாரையும் வரிசையா வெளிய கூட்டிகினு போறதே அதான். ஆரஞ்சு கோட்டு போட்டுகினு நின்ன போட்டோவ நீதான ஸ்டேட்டஸ் வெச்ச.

அம்மா படக்குனு எழுந்துச்சி. துண்டு தண்ணியோட போச்சி. மாமாவுக்கும் அதே பழக்கம், யாழினிய இடுப்புல தூக்கிகினு படிக்கட்டுப் பக்கம் ஓட ஆரம்பிச்சாரு.

"ஏய், ஓடாத. நட. வழுக்கும்"னு அம்மா கத்துச்சி.

"சரிங்க மேடம்"னாரு மாமா.

"பேசாத. வரிசையில வா. புள்ளைய கெட்டியா புடி. யாரும் பைய எடுக்கத் திரும்பாதீங்க."

சத்தியமாக்கா, குளத்துல இருந்த கம்பெனி ஹாஸ்டல் பொண்ணுங்க ஏழெட்டு பேரு அம்மா பின்னாடியே வரிசையா போச்சுங்க. கரையில நின்ன விசில்காரரு, "எங்கம்மா போறீங்க, இப்பதான அலையே வருது"ன்னு கத்துறாரு. யாரு கேக்கறா. நான் அலைக்குள்ள மெதந்துகினு சிரிச்சி சிரிச்சி தண்ணி குடிச்சிட்டேன்.

நான் போறதுக்குள்ள எல்லாரும் பார்க்கிங்ல நிக்கறாங்க. பொண்ணுங்க விஷயம் புரிஞ்சி சிரிச்சிகினே உள்ள ஓடிடுச்சுங்க. அம்மாவுக்கு அப்பதான் துண்டு இல்லன்னு தெரிஞ்சிச்சி. என் பின்னாடி வந்து ஒளிஞ்சிகிச்சி.

"தேவி, தெரியாம வாயில வந்துடுச்சின்னு அவர்கிட்ட சொல்லு."

"என்கிட்டயே சொல்லுங்கத்தே"ன்னாரு மாமா. "இப்பத்தான நடன்னு சொன்னீங்க. நல்லாத்தான இருந்துச்சு."

அம்மா டீசர்ட்ட கீழ இழுத்து வுட்டுகிச்சி. மாமாதான் பேசுனாரு. "எங்க ஊர்ல அத்ததான் மொதல்ல வம்பிழுப்பாங்க. அத்த பேசலன்னா பகைன்னு அர்த்தம். அவ இருந்த வரைக்கும் சரி. இப்ப இந்த ஆளு எதுக்கு வாரான்னு ஒங்களுக்கு இருக்கும்னு நெனச்சேன். அதான் புள்ளைய ஊர்ல விட்டுட்டு ஒதுங்கிருவோம்னு."

"ஐயோ"ன்னுச்சி அம்மா. "மாப்ளகிட்ட சரிக்கு சரி பேசக் கூடாதுன்னுதானே எங்க வழக்கம். மரியாதைங்க அது."

அப்புறம் என் பின்னாலேந்து வெளிய வந்துச்சி. அந்த ஈர டீசர்ட்டோட, அவரு மொகத்தப் பாத்தே சொல்லிச்சி. "அம்மா இல்லாத புள்ள. அப்பாவையும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் பாக்கணுமா? எங்க வூட்ல இருக்கட்டும்னு நான் கேக்கல. நீங்க எங்க கீறீங்களோ அங்க இருக்கட்டும்."

மாமா யாழினிய இன்னும் கெட்டியா புடிச்சிகினாரு. யாழினிதான், "ஆயா, டிரில் முடிஞ்சிச்சா? உள்ள போலாமா?"ன்னா.

இப்ப நம்ம பின்னாடி தெருவுல மாமா ஒரு போர்ஷன் எடுத்துட்டாரு. ஸ்கூலு இங்கயேதான். அவங்கம்மா கோவமா கீறாங்க, நான் பேசிக்கிடுதேன்னாரு. அவரு பேசட்டும்.

மாமா இன்னொண்ணும் சொன்னாருக்கா. அம்மா "சாப்ட சொல்லு"ன்னா, நீ போய் "ஒங்களுக்குன்னே செஞ்சாங்களாம்"னு சொல்லுவியாமே. நான் சொன்னத சொன்னபடியே சொல்லிகினு இருந்தேன். ஒனக்கு எல்லாம் தெரிஞ்சிதான் அப்பிடி சேத்து சேத்து சொன்னியா? ஏன் எனக்குச் சொல்லித் தரல?

நேத்து ரெண்டு பேருக்கும் சண்ட. யாழினிக்கு சளி. மாமா தலைக்கு ஊத்திட்டாரு. அம்மா அவரு போர்ஷனுக்கே போய் நின்னு, "அறிவு கீதா ஒங்களுக்கு"ன்னுச்சி. "எம்புள்ளைக்கு நான் குளிப்பாட்டக் கூடாதா"ன்னாரு அவரு. தெருவுக்கே கேட்டுச்சி. நான் கட்டில்ல படுத்துகினு எழுந்திரிக்கவே இல்ல.

ஒனக்கு ஒரு வாக்கு குடுக்கறேன். இனிமே ரெண்டு பேர்ல யாரு வந்து "நீ சொல்லு தேவி"ன்னாலும், நேரா போய் பேசுன்னு அனுப்பிடுவேன். நீ பாத்துகினு இருந்த வேலைக்கு இனிமே ஆளே வேணாம்கா.

ஒன் தங்கச்சி,
ஒம் பொண்ணுக்கு சித்தி,
தேவி