எட்டுப் பாதையில் உன் பாதி

அன்பு மச்சான் மகாலிங்கம்,

அங்கே எப்படியிருக்கிறாய்? தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தினால் ஏச அங்கேயும் யாராவது இருக்கிறார்களா? நமுனுகுல மலைப் பக்கம் ஒரே மழை. ஹாலிஎலயில் என் தையல்கடை வழக்கம்போல் ஓடுகிறது. பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறது, வெள்ளைச் சட்டை தைத்தே கண் பூத்துப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். கடையைச் சாத்திவிட்டு, வெட்டுமேசையைத் துடைத்து, சோக்கட்டியால் எட்டு வடிவில் ரயில் பாதை வரைவேன். "சட்டைக்குக் கைக்குழி வெட்டுற மாதிரி வளைக்காதடா, வண்டி கவுந்துரும்" என்று அழிக்க நீ இல்லை. வரைந்துதான் என்ன? நரை விழுந்த வயதில் ஆளுக்கொரு பொம்மை ரயில் வாங்கி உன் வீட்டம்மாவிடம் பேச்சு வாங்கினோமே, அதில் ஒருவருடைய தண்டவாளத்தை மட்டும் வைத்து வட்டம்தான் போடலாம். எட்டுக்கு உன்னுடையதும் வேண்டும்.

உன் கருமாதியன்று உன் வேட்டி சட்டையை எல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உன் பொம்மை ரயில் இருந்த பெட்டியும் அதோடு போய்விடுமோ என்று கண்ணால் தேடிக்கொண்டிருந்தேன். சாவு வீட்டில் போய்த் தண்டவாளத்தைக் கேட்க முடியுமா? அப்படியே பஸ் ஏறிவிட்டேன். நம் ஞாயிறுகளும் போச்சு என்று வழியெல்லாம் அழுதேன், மச்சான்.

போன ஞாயிறு உன் மகள் தேவி வந்தாள். ஒரு கையில் நனைந்த குடை, மறு கையில் அந்தப் பெட்டி.

"ரெண்டையும் சேத்துப் போடுவமா மாமா?"

பிடிவாதத்தில் உன் மகளேதான். எட்டின் நடுவில், பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், ஒரு குறுக்குத் துண்டு வாங்கிப் போட்டால் போதும் என்றேன்.

"பெட்டிகள நீளமா கோத்தா, குறுக்க வர்றப்ப கோச்சி தன் வாலுலயே முட்டிக்கும் மாமா. பாலந்தான் போடணும். தெமோதர ஸ்டேசன்ல நெசக் கோச்சியே தன் பாதைக்கு அடியில பூந்து போகலையா?"

யார் சொல்லிக்கொடுத்த பாடம் அது? நூல்கண்டுகளை அடுக்கிப் பாலம் கட்டினோம். மேசை போதவில்லை, ஏற்றம் செங்குத்தாகிவிட்டது. பாதி ஏறிய இஞ்சின் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது.

"அப்பா இருந்தா என்ன சொல்லுவாரு?"

"என்னையத்தான் ஏசுவான்" என்றேன். சிரித்தாள்.

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பினாள். உன்னுடையது என்று நீ சிவப்புப் புள்ளி வைத்த தண்டவாளத் துண்டுகளை மட்டும் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினாள்.

"இங்கேயே இருக்கட்டுமே புள்ள. மழையில சுமக்கணுமா?" கெஞ்சாத குறைதான்.

அவள் பெட்டியை மூடினாள். "குடுத்துட்டா அப்புறம் நான் எதைச் சொல்லிக்கிட்டு மாமா வர்றது?"

மச்சான், இனி அந்தப் பெட்டியை நான் கேட்கமாட்டேன். இஸ்திரி மேசையையும் இழுத்துப் போட்டு ஏற்றத்தைச் சரிபண்ணுகிறேன். எவ்வளவு தையல் குவிந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அந்த மேசையில் துணி விழாது. இது உன்மேல் சத்தியம்.

என்றும் உன் மச்சான்,
தேவியின் மாமா,
ராசு