வராத புயலுக்கு அடுக்கிய அலமாரி

அன்பு மகன் செமேசாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம், அவருடைய முட்டிவலியும் இந்த வாரம் அடங்கியிருக்கிறது, டவுன்ஸ்வில்லில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். எங்கள் கல்லூரி வேதியியல் கூடத்துக் கதவுக்கு வைத்திருந்த சீலை இன்று, திங்கள் காலை பத்து மணிக்கு எடுத்துவிட்டார்கள். முதல்வரின் செயலாளர் ஆணையைப் படித்துக் காட்டினார், நானும் வாங்கிப் பார்த்தேன். ஆனால் தனி அலமாரி வரும்வரை அமிலங்களைத் தொடக்கூடாதாம். வெள்ளிக்கிழமை இறுதியாண்டுப் பிள்ளைகள் பதினான்கு பேருக்குச் செய்முறைத் தேர்வு, அமிலம் இல்லாமல் அது நடக்காது, தவறினால் அவர்களுக்குப் பட்டம் அடுத்த வருடம்தான்.

உன் சித்தி எப்படி எழுதினாளோ, நடந்தது இதுதான். ஏப்ரல் கடைசியில் புயல் எச்சரிக்கை வந்ததும், வீட்டுச் சாமான் தூக்குகிற மாதிரி மொத்தத் துறையும் சேர்ந்து கீழ்த்தட்டுப் புட்டிகளை மாடி அலமாரிக்கு ஏற்றினோம். இடம் கிடைத்த இடத்தில் வைத்தோம், நைட்ரிக் அமிலத்துக்குப் பக்கத்திலேயே ஸ்பிரிட்டும் அசிட்டோனும். பை கிழிந்த காஸ்டிக் சோடாவை ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டினோம், பெயர்கூட எழுதவில்லை. முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தியபோது ஜெனரேட்டர் எங்கள் கூடத்துக்கு மட்டும் என்பதால் அபாகுகி வாத்தியாரின் சாப்பாடு ரசாயனக் குளிர்பெட்டிக்குள் போக ஆரம்பித்தது. புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது, மூன்று வாரமாகியும் புட்டிகள் கீழே இறங்கவில்லை, வாத்தியாரும் பழக்கத்தை விடவில்லை.

பாதுகாப்பு ஆய்வுக்குச் சுவா அலுவலகத்திலிருந்து வந்தவள் அகனிசி. அவள் ஊருக்கும் நம் ஊருக்கும் பரம்பரைக் கேலி உறவாயிற்றே, அந்தத் தைரியத்தில்தான் அலமாரியைத் திறந்தேன். ஏண்டி விலிமைனா, உங்க ஊர்க்காரங்க ஒரே படகுல பன்னியையும் நாயையும் சேர்த்துக் கட்டுவாங்கன்னு எங்க பாட்டன் சொன்னது நெசந்தானா என்றாள். எங்க பன்னிங்க உங்க ஊரு மாப்பிள்ளைங்களவிட அடக்கமா இருக்கும்டி என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். பிறகு நைட்ரிக் புட்டியின் மூடியைக் காட்டினாள், அரித்துப்போய் ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்திருந்தது. இது ஸ்பிரிட்டோட சேர்ந்திருந்தா உங்களுக்குப் புயலே தேவைப்பட்டிருக்காது என்று சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடேயே கதவுக்குச் சீல் வைத்தாள். வாத்தியாரின் தேங்காய்ப்பால் கீரைப் பொதி குப்பைக்குப் போயிற்று, அதற்குத்தான் அவர் இன்னும் துக்கம் காக்கிறார்.

மூன்று வாரமும் பதிவேட்டில் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான். புயலைக் காரணம் காட்டிவிடலாமே என்றார் முதல்வர். வராத புயல் மேல எப்படிங்க ஐயா பழி போடறது என்றேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, நியாயம்தான். இப்போது எரிகிறவை ஒரு பக்கம், காரங்கள் ஒரு பக்கம், ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் என் கையெழுத்தில்.

நீயும் படகுக்கு வண்ணம் அடிக்கிற இடத்தில் டர்பன்டைனைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதே. ஞாயிறு தேவாலயத்துக்குப் போ, அப்பாவின் பிறந்தநாளுக்குப் போன் செய்ய மறக்காதே. ஆண்டவர் உன் கைகளையும் கண்களையும் காக்கட்டும்.

அமில அலமாரி புதன் இரவு சுவாவில் கப்பலேறும் என்று சரக்கு அலுவலகத்தில் சொன்னார்கள், வியாழன் காலை சவுசவு துறைக்கு வரவேண்டும். அகனிசியும் அதே கப்பலில் வருகிறாள். அன்று மாலை நான்கு மணிக்குள் அவள் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளைகளுக்குத் தேர்வு.

உன் அம்மா,
விலிமைனா
லம்பாசா